ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம்

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரைக்குச் சற்று உள்ளே, சஃபோக் பிரதேசத்து லெய்ஸ்டன் என்னும் சிற்றூரில், மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய செங்கல் மாளிகையில் நடந்துவரும் சம்மர்ஹில் பள்ளியைப் பற்றிப் பிரஸ்தாபித்தால், கேட்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு சங்கதியைத்தான்: அங்கே பிள்ளைகள் வகுப்புக்குப் போயே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. கால அட்டவணை உண்டு, ஆனால் அது உபாத்தியாயரைக் கட்டுப்படுத்துவது; குறித்த நேரத்தில் அவர் வந்து காத்திருப்பார், மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பையன் இறங்கி வருவதும் வராததும் அவனுடைய இஷ்டம். இவ்வளவு கேட்டதுமே, "பிள்ளை உருப்பட்ட மாதிரிதான்" என்று பெருமூச்சு விடாத பெற்றோர் அபூர்வம். நானும் வெகுகாலம் அந்தக் கட்சியிலேயே இருந்தேன். அப்பள்ளியின் சரித்திரத்தைக் கொஞ்சம் ஊன்றிப் படித்த பிறகு, வகுப்பைப் பற்றிய வியப்பு பின்னுக்குப் போய், வாரந்தோறும் அங்கே கூடும் பொதுக்கூட்டத்தின் மீதே என் கவனம் முழுவதும் நிலைத்துவிட்டது.

பள்ளியை ஸ்தாபித்த ஏ. எஸ். நீல், 1883இல் ஸ்காட்லாந்தில் ஃபார்ஃபர் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் கிராமத்துப் பள்ளி உபாத்தியாயர். நம் நாட்டில் பிரம்பு செய்த வேலையை அந்த நாட்டில் கனத்த தோல்வார் செய்தது. பிள்ளைகளின் உள்ளங்கையில் அது விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டும், அவ்வப்போது தாமே அதை வாங்கிக்கொண்டும் வளர்ந்த நீல், பிற்பாடு பயிற்சி உபாத்தியாயராக அதே வாரைக் கையிலும் எடுத்தவர். எடின்பரோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்று, 1914இல் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூரின் பள்ளிக்குத் தலைமை உபாத்தியாயராகப் போனபோதுதான், 'எதற்காக இப்படியெல்லாம் செய்கிறோம்?' என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அக்கேள்விக்கு விடை தேட வழி காட்டியவர் ஹோமர் லேன் என்ற அமெரிக்கர். குற்றம் புரிந்த சிறுவர் சிறுமியருக்காக டார்செட்டில் அவர் நடத்திவந்த 'லிட்டில் காமன்வெல்த்' என்னும் குடியிருப்பில், சட்டம் செய்வதும், மீறியவரை விசாரிப்பதும் அந்தப் பிள்ளைகளின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. திருடனிடமே சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உலகம் நகைத்துக்கொண்டிருந்த காலத்தில், கொடுத்துப் பார்த்த மனிதர் அவர்.

1921இல் ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு அருகே ஹெல்லராவில் துவங்கிய நீலின் பள்ளி, ஆஸ்திரியாவின் ஒரு மலைச்சிகரத்துக்குப் போய், அங்கே குடியானவர்களின் விரோதத்தைச் சம்பாதித்துக்கொண்டு, இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் ஊரில் சம்மர்ஹில் என்ற பெயர் கொண்ட ஒரு வீட்டுக்கு மாறி, 1927இல் அந்தப் பெயரையும் தூக்கிக்கொண்டு லெய்ஸ்டனுக்கு வந்து நிலைத்தது.

இனி அந்தப் பொதுக்கூட்டத்துக்கு வருவோம். அக்கிராசனர் பெரும்பாலும் ஒரு மாணவனோ மாணவியோதான். பேச விரும்புகிறவர் கைதூக்கி உத்தரவு பெற்றே பேசவேண்டும். ஒழுங்கு தவறியவர் உபாத்தியாயரேயானாலும் அக்கிராசனர் அபராதம் விதிக்கலாம். என் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போனான் என்பது முதல், தூங்கவிடாமல் கூச்சல் போட்டாள் என்பது வரை பிராதுகள் வரும், சாட்சிகள் பேசுவார்கள், அந்த வாரத்துக் கைச்செலவுக் காசில் ஒரு பங்கோ, சாப்பாட்டின் முடிவில் கிடைக்கும் இனிப்போ அபராதமாகப் போகும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு ஓட்டு. ஸ்தாபகருக்கும் ஒரே ஓட்டு. எல்லாம் பிள்ளைகள் கையில் என்று எண்ணிவிடவும் வேண்டாம். உபாத்தியாயர்களை நியமிப்பது, கணக்கு வழக்கு, தேக சௌக்கியத்தையும் உயிர் பத்திரத்தையும் பற்றிய காரியங்கள் ஆகியவற்றை நீல் தம் வசமே வைத்துக்கொண்டார்.

நீலுடைய அந்த ஒரு ஓட்டின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு அவரே எழுதி வைத்திருக்கும் ஒரு சம்பவம் உண்டு. பதினாறு வயதுக்குட்பட்டவர் புகை பிடிக்கக்கூடாது என்று அவர் ஒருமுறை தீர்மானம் கொண்டுவந்து, புகையிலை விஷம், பிள்ளைகள் பெரியவர்களைப்போல் காட்டிக்கொள்ளவே அதை நாடுகிறார்கள் என்றெல்லாம் வாதாடினார். (அவரோ வாயில் சுங்கானோடு காட்சி தந்தவர், அந்த முரண்பாடு பிள்ளைகள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?) ஓட்டெடுத்தபோது பெருவாரியான வித்தியாசத்தில் தோற்றார். உடனே பதினாறு வயதுப் பையன் ஒருவன் எழுந்து, பன்னிரண்டுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் தடை விதிக்கலாம் என்று பிரேரேபித்தான், அது நிறைவேறியது. அடுத்த வாரக் கூட்டத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், கண்டிப்பான பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல் நாங்களும் கக்கூஸில் ஒளிந்து புகைத்துக்கொண்டிருக்கிறோம், நம் பள்ளிக்கே இது அடுக்குமா என்று கேட்டான். ஆரவாரம் எழுந்தது, ஒரே வாரம் வாழ்ந்த அந்தச் சட்டம் ரத்தாயிற்று.

புகையிலை விஷயத்தில் நீல் பக்கமே நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயினும், தாம் கட்டிய பள்ளியில் தாமே தோற்று, தோல்வியை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்த அந்தக் கிழவரையும், ஒளிந்து செய்வதைவிட வெளியே சொல்லி வாதாடுவதே மேல் என்று அச்சிறுவன் கண்டுகொண்டதையும் நினைக்கும்போது, எந்த வகுப்பறையில் இந்தப் பாடத்தை நடத்தமுடியும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.

படிப்பு? வேறு பள்ளிகளில் அடிபட்டு வந்த பிள்ளைகள் பாடத்தின்மீதுள்ள வெறுப்புத் தெளியச் சராசரி மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள் என்று நீல் கணக்குச் சொல்கிறார். கன்யாஸ்திரீகளின் மடத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் மூன்று வருஷம் சும்மா சுற்றினாளாம். ஐந்து வயதில் சேர்ந்து பதினேழு வயது வரை ஒரு வகுப்புக்கும் போகாமல், தச்சுக்கூடத்தில் உளியும் கையுமாகக் கிடந்த ஒரு பையன், ஒன்பதாவது வயதில் ஓரிரவு படுக்கையில் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலை வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று நீல் கேட்க, தானே கற்றதாக அவன் பதில் சொன்னான்.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு மயங்கிவிடுவதும் தவறு. தச்சுக்கூடத்துப் பையனுக்குக் கிடைத்த பலன் எல்லோருக்கும் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. கற்பிக்கும் முறைகளில் நீலுக்கு அக்கறை குறைவு. அங்கே பயின்றவர்களிலேயே சிலர், பாடம் இன்னும் நன்றாக நடந்திருக்கலாம் என்று குறைப்பட்டிருக்கிறார்கள். மேலும் அது சம்பளம் கட்டிப் படிக்கும் விடுதிப் பள்ளி. ஏழைகளின் பிள்ளைகளைச் சேர்க்க வழியில்லையே என்ற வருத்தம் நீலுக்கே இருந்தது. 1960இல் அமெரிக்காவில் வெளியான அவருடைய நூல் லட்சக்கணக்கில் விற்று, மாணவர் குறைந்து தள்ளாடிக்கொண்டிருந்த பள்ளியைத் தூக்கி நிறுத்தியது. 1973இல் நீல் காலமான பின் அவர் மனைவி ஈனாவும், 1985 முதல் மகள் ஸோயி ரெட்ஹெட்டும் அதை நடத்தினார்கள்.

அரசாங்கத்து இன்ஸ்பெக்டர்கள் 1949இல் வந்தபோது, குறைகளைக் குறித்துக்கொண்டாலும் பிள்ளைகளின் பண்பை மெச்சி நியாயமாகவே எழுதினார்கள். நீல் அந்த அறிக்கையைத் தம் நூலில் பெருமையோடு சேர்த்துக்கொண்டார். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, 1999இல் வந்தவர்களின் அறிக்கையோ கடுமையானது. அதன்பேரில் கல்வி இலாகா அனுப்பிய நோட்டீஸ், வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளைகளின் விருப்பம் என்ற ஆதார விதியின் மீதே கைவைத்தது. பள்ளி பணிய மறுத்து, சுயேச்சைப் பள்ளிகளுக்கான விசாரணை மன்றத்தில் முறையிட்டது. லண்டனில், உயர்நீதி மன்றங்கள் கூடும் மாளிகையிலேயே, 2000ஆம் வருஷம் மார்ச் மாதம் வழக்கு நடந்தது.

சில நாள் விசாரணைக்குள்ளாகவே இலாகா சமரசத்துக்கு இறங்கிவந்தது. பள்ளியின் கொள்கையை மதிப்பதாகவும், இனிப் பரிசோதனையின்போது பிள்ளைகளின் கருத்தையும் கணக்கில் கொள்வதாகவும் நிபந்தனைகள் எழுதப்பட்டன. பள்ளியின் தரப்பிலோ, பொதுக்கூட்டத்தைக் கேளாமல் கையெழுத்துப் போட முடியாது என்ற சங்கடம் எழுந்தது. பிள்ளைகளோ அங்கேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே விசாரணையை நிறுத்தி, நீதிமன்ற அறையை அவர்கள் வசம் ஒப்படைத்தார்கள். வக்கீல்களின் வாதம் ஓய்ந்த அதே இடத்தில், லெய்ஸ்டனில் வாரந்தோறும் சைக்கிள் பிராது விசாரித்த வழக்கப்படியே, பிள்ளைகள் கூட்டம் கூட்டி, ஷரத்துகளை விவாதித்து, கைதூக்கி ஓட்டுப் போட்டு, ஏற்றுக்கொள்ளலாம் என்று தீர்மானித்த பிறகே, வழக்கு முடிந்தது.