முழுக்கிற்கும் முழுக்கிற்கும் இடையே

கூந்தலைப் பாடாத தமிழ்ப் புலவரைக் காண்பது அரிது. ஓதி என்றும், கதுப்பு என்றும், கூழை என்றும், அளகம் என்றும், குழல் என்றும் அதற்குப் பல பெயரிட்டு மகிழ்ந்தது நம் மொழி. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு ஒரு வண்டை அழைத்து, தலைவியின் கூந்தலினும் மணமுடைய பூவை நீ கண்டதுண்டோ என வினவுகின்றது. அந்த ஒரு வினாவின் மேல், நக்கீரரையும் இறைவனையும் எதிரெதிரே நிறுத்திப் பின்வந்தோர் ஒரு திருவிளையாடலையே கட்டி எழுப்பிவிட்டனர்.

ஆயினும் ஊன்றி நோக்குமிடத்து, நம் இலக்கியம் கண்ட கூந்தல் பெரும்பாலும் இரண்டு நாள்களின் கூந்தலேயாகும். ஒன்று, நீராடி, அகிற்புகை ஊட்டி, மலர் சூட்டிய நாள். மற்றொன்று, அது அவிழ்ந்து வீழ்ந்த நாள். மதுரை வீதியில் கண்ணகியின் கூந்தலும், கௌரவர் அவையில் பாஞ்சாலியின் கூந்தலும் விரிந்து கிடந்தமையாலேயே காவியம் நடக்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு முழுக்கிற்கும் அடுத்த முழுக்கிற்கும் இடையே, வாரி, வகிர்ந்து, பின்னி, முடிந்து கழியும் ஐந்தாறு நாள்கள் உண்டே. அவற்றைப் பாடியவர் யார்? பெண்ணின் வாழ்நாளிற் பெரும்பகுதி அந்த நாள்களிலன்றோ கழிகின்றது!

விலக்கு ஒன்றுண்டு. அதுவும் இலங்கையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதையிலிருந்தே வருகின்றது. அசோகவனத்துச் சீதைக்கு இருந்தது ஒற்றைச் சடை. கணவனைப் பிரிந்தவள் கூந்தலைக் கோலஞ் செய்யாது ஒரே பின்னலாக விட்டுவைத்தல் பழைய மரபு. வான்மீகியின் சீதை ஒரு கணம் அந்தப் பின்னலாலேயே உயிரை முடித்துக்கொள்ளவும் எண்ணுகிறாள். அங்கே சடை, பிரிவின் நாள்களை எண்ணும் கருவியாகிவிட்டது. ஆனால், பிரிவுமின்றி விழாவுமின்றி வரும் சாதாரணத் திங்கட்கிழமைச் சடையைப் பற்றிக் கவிகள் வாய் திறந்ததில்லை.

இலக்கணிகள் இதில் கவிஞரினும் சற்றுக் கவனமுடையோர். "ஐம்பால்" என்னும் சொல்லுக்கு உரைகாரர் தரும் பட்டியலொன்று, உச்சியில் முடிவது முடி, பக்கத்தே முடிவது கொண்டை, பின்னே செருகுவது சுருள், சுருட்டி முடிவது குழல், பின்னி விடுவது பனிச்சை எனப் பிரித்துரைக்கின்றது. வேறு பட்டியல்களில் அளகமும் துஞ்சையும் இடம் பெறும். நம் பாடசாலைகளில் இச்சொற்களை மாணவர் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். அந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்து, இவற்றுள் எதனை உன் வீட்டார் இன்றும் செய்கின்றனர், அதற்கு என்ன பெயர் வழங்குகின்றனர் என்று கேட்டு வரச் செய்யலாம். பெயர் மாறியிருக்கும், கையின் தொழில் மாறியிராது. சிங்களத்திலே "கொண்டய" என்னும் சொல், நம் கொண்டை அண்டை வீட்டுக்குப் போய்த் தங்கியதன் அடையாளம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கரையோரச் சிங்கள ஆடவரும் கொண்டை முடிந்து, ஆமையோட்டுச் சீப்பை உச்சியில் வளைத்துச் செருகித் திரிந்தனர் என்பதை இன்றைய இளைஞர்க்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கூந்தலைப் பிறர் காணும் பொருட்டே பெண்கள் கோலஞ் செய்கிறார்கள் என்பது ஆடவர் பலரின் எண்ணம். இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கத் தக்க ஊர் கிண்ணியா. திருகோணமலைப் பட்டினத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் தழுவும் நிலம் அது. மக்களிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமுள்ள பாலம் திறக்கப்படும்வரை, துறையைக் கடப்பதற்குப் "பாதை" என்று ஊரார் அழைத்த மிதவைதான் வழி. இவ்வூர்ப் பெண்கள் வீட்டு வாயிலைத் தாண்டும்போது தலையை மூடுகின்றனர். அந்நியர் எவரும் அவர்தம் கூந்தலைக் காண்பதில்லை. காண்பாரில்லை என்பதற்காக அங்கே சீப்பு ஓய்ந்துவிட்டதா? இல்லை. முற்றத்து நிழலில் மூத்தம்மா உட்கார, அவர் முன்னே உம்மா, உம்மாவின் முன்னே மகள் எனத் தலைமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தலைவாரும் காட்சி அத்தகைய ஊர்களுக்குப் புதிதன்று. காண்போர்க்காக அன்று, கூந்தலுக்காகவே செய்யப்படும் தொழில் அது.

அதிலும் நீண்டு மெலிந்த கூந்தல் வாய்த்தவளுக்கு அத்தொழில் எளிதன்று. தடித்த கூந்தல் பிழை பொறுக்கும். மெல்லிழைக் கூந்தல் பொறுக்காது. தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் இழைகள் உண்டு. மாதத்திற்கு ஒன்றேகாற் சென்ரிமீற்றர் அளவில் அவை வளர்கின்றன. இடையளவு, அதாவது 75 சென்ரிமீற்றர் நீண்ட கூந்தலின் நுனி, உச்சந்தலையை விட்டுப் புறப்பட்டு ஐந்தாண்டுகள் ஆயின என்று பொருள். வாரம் ஒரு முழுக்கு எனக் கொள்ளினும் அந்த நுனி 260 முழுக்குகளைக் கண்டுவிட்டது! நனைந்த இழை வீங்கி, நீண்டு, வலுக்குன்றி நிற்கும். அந்நிலையில் சீப்பை இழுத்தால் அறுந்து போகும். ஆகவே முழுக்குகளைக் குறைத்து, இடைநாள்களை நீட்டிக் காத்தல் சோம்பல் அன்று. கணக்கு அறிந்த செயல்.

அக்கணக்கு கீழ்க்கரையில் இன்னும் கூர்மையாகின்றது. கடலை ஒட்டிய கிணறுகளில் நீர் பெரும்பாலும் உவராகவோ கடினமாகவோ இருக்கும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் அடித்து அழித்தபோது, கிழக்குக் கரையின் கிணறுகள் பலவற்றுள் கடல் நீரே புகுந்து நின்றது. கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெண்கசடாகத் திரண்டு இழைகளில் ஒட்டிக்கொள்ளும். சீயக்காயின் நுரைக்கு அக்குறை இல்லை. முன்னோர் சீயக்காயையும் தேசிக்காயையும் நாடியதில் வெறும் பழமைப் பற்று மட்டும் இருந்ததாக எண்ணுதல் தவறு. தேங்காய் எண்ணெய் பற்றியும் இவ்வாறே. ரெலே, மோஹிலே என்னும் இந்திய ஆய்வாளர் இருவர், தேங்காய் எண்ணெய் இழையினுள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கின்றது எனவும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை எனவும் 2003இல் வெளியிட்டனர். மூத்தம்மாமார் இதனைப் படித்துவிட்டு எண்ணெய்ப் போத்தலைத் தேடியவர்கள் அல்லர்.

வெள்ளிக்கிழமை முழுகினாள் எனக் கொள்வோம். முழுக்கு பகற்பொழுதிலேயே முடிதல் வேண்டும். ஈரத்தோடு முடிந்து, மேலே முக்காடும் இட்டால் தலையில் பொடுகு பெருகும், நாற்றமும் பிறக்கும். காற்றில் உலர்ந்த அன்றைய மெல்லிழைக் கூந்தல் பட்டுப் போல வழுக்கும். முடிந்த கொண்டை அரை நாழிகையில் சரியும், ஊசி நில்லாது. அன்று அதனோடு போராடுதல் வீண். உள்ளங்கையில் இரண்டு துளி எண்ணெயைத் தேய்த்து, நுனியில் மட்டும் தடவி, பிடரியிலிருந்து தளர்ந்த மூன்றுகாற் பின்னலாக விடுவதே தகும். முழுக்கு நாளில் உச்சியில் எண்ணெய் வைப்பவள் சனிக்கிழமையே வருந்துவாள். தலைத்தோல் தானே சுரக்கும் நெய்ம்மை, சுருண்ட கூந்தலில் மெல்ல இறங்கும். நேரான மெல்லிழையிலோ விரைந்து ஓடும்.

ஞாயிறும் திங்களும் தான் நல்ல நாள்கள். அந்த நெய்ம்மை இழைகளை ஒன்றோடொன்று சிறிதே பற்றச் செய்திருக்கும். பின்னல் பிடிபடும். நாலுகாற் பின்னலோ ஐந்துகாற் பின்னலோ செய்ய விரும்புவோர் இந்நாள்களுக்குக் காத்திருத்தல் நன்று. கால்கள் கூடக் கூடப் பின்னல் அகன்று தட்டையாகும். மெலிந்த கூந்தலும் நிறைந்ததாகத் தோன்றும். சிக்கெடுத்தலில் ஒரு முறை உண்டு. நுனியிலே தொடங்கி, சாண் சாணாக மேலேறி, இறுதியிலேதான் உச்சிக்கு வருதல் வேண்டும். அவசரக்காரி உச்சியில் தொடங்குவாள்; சிக்குகள் யாவும் கீழே திரண்டு ஒரே முடிச்சாகும். பள்ளிக்குப் பிந்திவிட்ட காலைகளில் எத்தனை வீடுகளில் இதனால் அழுகுரல் எழுகின்றது!

புதன், வியாழனில் உச்சி படிந்து ஒட்டும். இனி விரித்துவிடும் பேச்சுக்கு இடமில்லை. முடியும் காலம் வந்துவிட்டது. தளரப் பின்னிய சடையைப் பிடரியில் வட்டமாகச் சுற்றி, மெலிந்த நுனியைச் சுற்றுக்குள்ளே மறைத்துச் செருகினால், கூந்தலே கூந்தலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஊசிகள் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதற்கு இணையில்லை. (கச்சான் என்றதும் சுருளில் விற்கும் வறுத்த கடலையை எண்ணுவோர் மன்னிக்க, தென்மேற்கிலிருந்து வைகாசி, ஆனி, ஆடியில் வறண்டு வீசும் காற்றுக்கும் கிழக்கில் அதுவே பெயர்.) அக்காற்றில் பாலத்தின் மேலே மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து செல்பவளின் கூந்தல், முக்காட்டின் உள்ளேயே உராய்ந்து சிக்குண்ணும். பிடரியில் தாழ்ந்த கொண்டையே அப்போது காவல்.

மறுபடி அவிழ்க்கும் நாளில் பெண்கள் அஞ்சுவதுண்டு. சீப்பில் கற்றையாக முடி வருகின்றதே! நாளொன்றுக்கு 50 முதல் 100 இழைகள் உதிர்தல் இயல்பு. நான்கு நாள் பின்னலுக்குள் சிறையிருந்தவை ஒரே வேளையில் 200, 400 என விடுதலை பெறுகின்றன, அவ்வளவே. முன்னாளில் அவற்றையும் எறியாது சேர்த்துச் சவுரி கட்டினர். மெல்லிழைக் கூந்தலாளின் பின்னலுக்கு நுனி தந்தது, பெரும்பாலும் அவள் தானே உதிர்த்த பழைய கூந்தல்தான்.

உண்மையில் அஞ்சத்தக்கது வேறு. இறுகப் பின்னி இழுத்துக் கட்டுதல் நெற்றியோரத்து இழைகளை வேரோடு தளர்த்தும். 1907இலேயே, கூந்தலை இறுக்கி உயரக் கட்டிய கிறீன்லாந்துப் பெண்களிடம் இவ்வழுக்கையைக் கண்டு ட்ரெபிட்ஷ் என்பவர் எழுதினார். பனிநாட்டுக்கும் உப்பங்கழி நாட்டுக்கும் இதில் வேற்றுமை இல்லை. ஒரே இடத்தில் நாடோறும் வகிடு எடுப்பதும் அவ்வாறே தீது. "இறுக்கிப் பின்னினால்தான் முடி வளரும்" என்று பிள்ளையின் கண்கள் மேலேறும்வரை இழுக்கும் தாய்மார் இதனை அறிதல் நலம்.

கவிஞர் கைவிட்ட இந்த இடைநாட் பின்னலை வேறு ஓரிடத்தில் மதித்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. தலைமுடியை இறுகப் பின்னும் பெண்ணாகிய நான் கடமையான குளிப்பிற்காக அதனை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு சலமா அவர்கள் நபிகள் நாயகத்திடம் கேட்டதாகவும், வேண்டியதில்லை, மூன்று முறை கையால் நீரள்ளித் தலையில் ஊற்றினால் போதும் என அவர்கள் விடையிறுத்ததாகவும் முஸ்லிம் கிரந்தத்தில் ஹதீஸ் உண்டு. அதே கிரந்தத்தில் இன்னொரு செய்தி. பெண்கள் பின்னலை அவிழ்த்தே குளிக்க வேண்டுமென ஒருவர் கட்டளையிடுகிறார் எனக் கேள்வியுற்ற ஆயிஷா அவர்கள், அப்படியாயின் தலையையே மழித்துவிடும்படி அவர் சொல்லலாமே என்று வியந்து கடிந்தார்களாம். பின்னலுக்குச் செலவாகும் உழைப்பை அறிந்த ஒரு பெண்ணின் சினம் அது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நீர் பின்னலின் உட்புறம் சென்றடையுமாயின் அவிழ்த்தல் கடமையன்று. வுளூவின்போதும் தலையின் ஒரு பகுதியை ஈரக்கையால் தடவுதல் போதும். நாளுக்கு ஐந்து வேளை தொழுபவளின் கொண்டை வியாழன்வரை குலையாது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூந்தலுக்கு இறுதியாக ஒரு முழுக்கு உண்டு. அதன்பின் அடுத்த முழுக்கு இல்லை. நபிகளாரின் மகள் ஒருவர் இறந்தபோது, குளிப்பாட்டிய பெண்களுள் ஒருவரான உம்மு அதிய்யா, கூந்தலை வாரி மூன்று பின்னல்களாகப் பின்னிப் பின்புறம் இட்டதாக அறிவித்துள்ளார். ஷாபிஈ மரபில் அதுவே இன்றும் விரும்பத்தக்க முறை. பெண்ணின் ஜனாஸாவைக் குளிப்பாட்டுவோர் பெண்களே. அகன்ற பற்களையுடைய சீப்பால், நோகாதவாறு, சிக்கை மெதுவாக எடுக்கிறார்கள். ஒரு பின்னல் முன்னுச்சிக் கூந்தலிலிருந்து, இரண்டு பின்னல்கள் இரு பக்கங்களிலிருந்து. மூன்றையும் பிடரிக்குப் பின்னே நேராக இடுகிறார்கள். சீப்பில் தங்கிய இழைகளையும் பொறுக்கி எடுத்து, கபனுக்குள்ளே அவளோடு வைக்கிறார்கள்.