விலை மலிந்த மருந்துதான் முதலில் தீரும்

திருப்பாலைக்குடியிலிருந்து மதுரைக்குக் கீமோ ஏற்றப் போகிறவர் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். ராமநாதபுரத்தில் இறங்கி அடுத்த பஸ். மடியில் பைலும் ஸ்கேன் படங்களும் திணித்த கட்டைப்பை. துணைக்குப் போகும் மகனுக்கு அன்றைய கடல்பாடு போச்சு. இவ்வளவும் செய்து போய்ச் சேர்ந்த இடத்தில், "மருந்து வரல, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிட்டால்? பஸ் காசையும் ஒருநாள் வருமானத்தையும் எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். தவறிய வாரத்தை ஈடுகட்டுவதுதான் கஷ்டம்.

கரண்டு வைக்கும்போது ஊசி எதற்கு?

கதிர்வீச்சை நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்டு வைக்கும் வாரங்களில், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றுவது வழக்கம். பிளாட்டினம் உலோகத்திலிருந்து செய்த மருந்து இது. அமெரிக்காவில் 1978-இல் அனுமதி பெற்ற பழைய சரக்கு. கதிர் பட்டுச் சிதைந்த புற்றணு தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். அதை இந்த மருந்து தடுக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும். கரண்டு முடிந்து ஒரு மாதம் கழித்து மருந்து வந்தால் அந்தக் கூட்டு பலன் கிடைக்காது. கரண்டை நிறுத்தி வைத்துக் காத்திருக்கவும் முடியாது. மொத்த சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிவது நல்லது.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதனால் ஊசிக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக சலைன் இறங்கும். எவ்வளவு சிறுநீர் போகிறது என்று நர்ஸ் அளந்து எழுதுவார். 'வெறும் தண்ணியத்தானே ஏத்துறாங்க' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர்தான் காவல்.

சிஸ்பிளாட்டின் இல்லாவிட்டால் அதே வகை மருந்தான கார்போபிளாட்டின் இருக்கிறதே என்று கேட்கலாம். சில புற்றுகளுக்குச் சரி. விரைப் புற்றுக்கு அது சமமான மாற்று இல்லை; குணமாக வேண்டிய இளைஞனின் வாய்ப்பு குறைந்துபோகும்.

அகமதாபாத்தில் நின்றது, அமெரிக்காவில் தீர்ந்தது

2022 நவம்பரில் அமெரிக்க மருந்துத் துறை ஆய்வாளர்கள் அகமதாபாத் அருகே உள்ள இன்டாஸ் மருந்து ஆலைக்கு வந்தார்கள். கிழித்துப் போட்ட தரக்கட்டுப்பாட்டு ஆவணங்கள் மூட்டையாகக் கிடந்ததையும், சில காகிதங்கள்மேல் அமிலம் ஊற்றியிருந்ததையும் அறிக்கையில் எழுதினார்கள். உற்பத்தி நின்றது. அமெரிக்காவின் சிஸ்பிளாட்டினில் பாதியளவு அந்த ஓர் ஆலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 2023-இல் அங்குள்ள பெரிய புற்றுநோய் மையங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 93 சதவீத மையங்கள் கார்போபிளாட்டினுக்கும், 70 சதவீத மையங்கள் சிஸ்பிளாட்டினுக்கும் தட்டுப்பாடு என்றன. கடைசியில் சீனாவிலிருந்து வரவழைத்தார்கள்.

பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி ஏன்? மருந்து மலிவு, லாபம் சொற்பம், கிருமி அண்டாத ஊசி மருந்து ஆலையை நடத்தும் செலவோ பெரிது. ஒவ்வொரு கம்பெனியாகக் கழன்றுகொள்ள, ஒன்றிரண்டே மிஞ்சுகின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கான வின்கிரிஸ்டினும் 2019-இல் அங்கே இப்படித்தான் ஒரே கம்பெனி கையில் போய் நின்று தீர்ந்தது. லட்ச ரூபாய் ஊசியை விற்க ஆள் வரிசையில் நிற்பார்கள். சில நூறு ரூபாய் குப்பியைச் செய்ய ஆள் இருக்காது.

கடலுக்கு அக்கரையில்

நம் கடலுக்கு அந்தப் பக்கம் காரணம் வேறு. இலங்கை பெரும்பாலான மருந்துகளை வெளியிலிருந்து வாங்கும் நாடு. 2022-இல் கையில் டாலர் இல்லை. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் மருத்துவமனையிலும் மருந்துகள் குறைந்தன. அந்த ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டு அறிவித்த உதவியில் 40,000 டன் அரிசியோடு, 28 கோடி ரூபாய் மதிப்பில் 137 வகை மருந்துகளும் இருந்தன.

நமக்கு அரணாக இருப்பது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் கொள்முதல், மாவட்டங்களில் கிடங்குகள், எடுக்கும் மருந்தைக் கணக்கில் வைக்க ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆனால் செய்கிற ஆலையிலேயே சரக்கு இல்லை என்றால் எந்தக் கிடங்கும் நிறையாது.

வெளியே வாங்கச் சொன்னால்

கிளம்பும் முந்தின நாளே போன் போட்டு மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 'தள்ளிப் போடலாமா, மாற்று மருந்து உண்டா' என்பதை டாக்டரே சொல்லட்டும். காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் விசாரியுங்கள், 104 மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம்.

பாதி விலைக்குத் தருகிறேன் என்று வாட்ஸப்பில் வருகிறவரை நம்ப வேண்டாம். 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளை வாங்கி, பூஞ்சைத் தொற்று மருந்தை நிரப்பி விற்றிருக்கிறது. பில் வாங்குங்கள், பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் குப்பியில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

கடைசியாக, மீன்காரர்களுக்கென்றே ஒன்று. மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப் போன்ற ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் மீனை அடுக்குவதுபோல் குப்பியை ஐஸ் நடுவே புதைத்துவிடாதீர்கள். நடுவில் அட்டையோ கெட்டித் துணியோ கொடுத்து, ஐஸில் படாமல் வையுங்கள். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும், ஏற்றக் கூடாது. வழியில் ஐஸில் பட்டுவிட்டதென்றால் நர்ஸிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.