கடலோரக் குடிலும் கைவிடாத காணியும்

உல்லாசப் பயணிகள் தங்கும் இடம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது உயர்ந்த மதிலும், வாயிற் காவலாளியும், நீச்சற் குளமும், குளிரூட்டிய அறைகளுமே. அப்படியான ஹோட்டல் ஒன்றைக் கட்டப் பல கோடி ரூபா வேண்டும். ஆகவே, கடற்கரையோரம் ஒரு துண்டுக் காணி வைத்திருக்கும் விவசாயிக்கு இத்துறையில் இரண்டு இடங்களே உண்டென்று நாம் எண்ணிவிடுகிறோம். ஒன்று, காணியை விற்பவன் என்ற இடம். மற்றது, விற்ற காணியில் எழுந்த ஹோட்டலில் நாட்கூலிக்குப் புல் வெட்டுபவன் என்ற இடம்.

மூன்றாவது இடம் ஒன்றும் உண்டு. காணியை விற்காமல், அதில் தானே சிறு குடில் அமைத்து, வருகின்றவரைத் தன் விருந்தாளியாகத் தங்க வைப்பவனின் இடம் அது. பசுபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா என்ற சிறிய தீவு நாட்டின் கிராமத்தவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனைச் செய்து வருகின்றனர். அவர்களும் எங்களைப் போல விவசாயிகள், மீனவர்கள். புயலையும் சுனாமியையும் கண்டவர்கள். அவர்களுடைய அனுபவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

சமோவா என்னும் நாடு

ஹவாய்த் தீவுகளுக்கும் நியூசிலாந்துக்கும் ஏறத்தாழ நடுவில் சமோவா அமைந்துள்ளது. உப்போலு, சவாயி என்பன அதன் இரு பெரிய தீவுகள். இவற்றுக்கு இடையில் மனோனோ, அப்போலிமா என்ற சிறு தீவுகள் உண்டு. மொத்தச் சனத்தொகை ஏறக்குறைய 2 இலட்சம். நியூசிலாந்தின் ஆட்சியிலிருந்து 1962ஆம் ஆண்டு சுதந்திரம் பெற்ற இந்நாடு, 1997 வரை மேற்குச் சமோவா என்றே அழைக்கப்பட்டது.

சேமங்கிழங்கு, ஈரப்பலா, வாழை, தென்னை, கொக்கோ என்பன அங்குள்ள பயிர்கள். இவற்றுள் சேமங்கிழங்கே அவர்களுக்குச் சோறு போன்றது. ஏற்றுமதியிலும் அதுவே முன்னின்றது. 1990இல் ‘ஓபா’ என்ற சூறாவளியும் 1991இல் ‘வால்’ என்ற சூறாவளியும் அடுத்தடுத்து அடித்தன. தோட்டங்கள் தலை நிமிர முன்னரே, 1993இல் சேம்பின் இலைகளைக் கருக்கும் நோய் பரவி அந்தப் பயிரை ஏறக்குறைய முற்றாக அழித்தது. கையில் காசு புரள வேறு வழி தேட வேண்டிய நெருக்கடி பல குடும்பங்களுக்கு ஏற்பட்ட காலம் அது. கடற்கரையில் குடில் போட்டு விருந்தினரைத் தங்க வைக்கும் வழக்கம் வளர்ந்ததும் அந்தக் காலத்திலேயே.

குடில் எப்படிப்பட்டது?

சமோவா மொழியில் வீட்டுக்குப் ‘பலே’ என்று பெயர். அவர்களின் மரபுவழி வீட்டுக்குச் சுவர் கிடையாது. எமது கிராமத்து மாலை நினைத்துக்கொண்டால் போதும். தூண்கள், அவற்றின் மேல் ஓலைக் கூரை, நிலத்திலிருந்து சற்று உயர்த்திய தளம், அவ்வளவே. வெயிலோ மழையோ வந்தால் தென்னோலையில் பின்னிய தட்டிகளை இறக்கிவிடுவார்கள். கிடுகு பின்னத் தெரிந்த எங்கள் பெண்களுக்கு இது புதிய வேலையல்ல.

இந்த வீட்டின் சிறிய வடிவமே கடற்கரைக் குடில். உள்ளே ஒரு பாய், ஒரு மெத்தை, தலையணை, நுளம்பு வலை ஆகியன இருக்கும். மலசலகூடமும் குளிக்கும் இடமும் எல்லோருக்கும் பொதுவாகப் பின்பக்கத்தில் இருக்கும். கண் விழித்தால் பத்தடி தூரத்தில் கடல். கட்டணம் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அறவிடப்படும். காலை உணவும் இரவு உணவும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். மீன், சேமங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் சமைத்த ஈரப்பலா, பப்பாசிப்பழம் என்று வீட்டார் உண்பதையே விருந்தினரும் பொது மேசையில் இருந்து உண்பர்.

நியூசிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து குறைந்த செலவில் பயணம் செய்யும் இளைஞர்களே இங்கு வருவோரில் பலர். ஆனால் அவர்கள் மட்டுமல்லர். உள்நாட்டுக் குடும்பங்களும், ஆலயக் குழுக்களும், நியூசிலாந்தில் குடியேறி விடுமுறைக்குத் தாயகம் வரும் சமோவா மக்களும் கூட இக்குடில்களில் தங்குகின்றனர். வெள்ளைக்காரர் வராத மாதங்களிலும் குடில்கள் ஓரளவு நிறைய இது உதவுகிறது.

விருந்தாளிக்கும் ஒழுங்கு உண்டு

மனோனோ ஒரு நல்ல எடுத்துக்காட்டு. உப்போலுவிலிருந்து சிறு படகில் கால் மணி, அரை மணி நேரத்தில் அங்கு போய்விடலாம். தீவில் வாகனங்கள் இல்லை, நாய்களும் இல்லை. கரையோர நடைபாதையில் இரண்டு மணி நேரத்துக்குள் தீவை முழுதாகச் சுற்றி வரலாம். அந்தப் பாதை மக்களின் முற்றங்களை ஊடறுத்துச் செல்கிறது. ஆகவே அங்கு தங்குபவர் கடற்கரையில் மட்டும் தங்குவதில்லை, ஊருக்குள்ளேயே தங்குகிறார்.

ஊருக்குள் தங்குபவர் ஊரின் ஒழுங்குக்கும் கட்டுப்பட வேண்டும். சமோவாவில் குடும்பத் தலைவர்கள் கூடும் கிராம சபையே ஊர்க் காரியங்களைத் தீர்மானிக்கிறது. மாலையில் சங்கு ஊதியதும் அல்லது மணி அடித்ததும் குடும்பங்கள் செபத்துக்காகக் கூடும். அந்த நேரத்தில் வெளியாரும் ஊருக்குள் நடமாடாமல் அமைதி காக்க வேண்டும். ஊருக்குள் நீச்சல் உடையோடு திரிதல் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலில் குளிப்பதைத் தடை செய்த ஊர்களும் உண்டு. ஊரின் துப்புரவைப் பெண்களின் குழுக்கள் நெடுங்காலமாகக் கண்காணித்து வருகின்றன.

இவற்றால் விருந்தினர் வராமல் விட்டுவிட்டார்களா? இல்லை. இந்த வாழ்க்கை முறையைப் பார்ப்பதற்கென்றே பலர் வருகின்றனர். ‘வெள்ளைக்காரர் வந்தால் ஊர் கெட்டுவிடும்’ என்ற பயம் எங்களிடையே உண்டு. அது காரணமற்ற பயமன்று. ஆனால் ஊரில் ஒழுங்கை வகுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஊர் கெடுவதும் கெடாததும் அமையும்.

காசு எங்கே போகிறது?

பெரிய ஹோட்டலில் விருந்தாளி கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இறக்குமதி செய்த உணவுக்கும் குடிவகைக்கும், ஒரு பகுதி கடனுக்கும் வட்டிக்கும், ஒரு பகுதி வெளியூர் முதலாளிக்கும் போய்விடுகிறது. கிராமத்துக்குக் கிடைப்பது சம்பளம் மட்டுமே.

குடில் வைத்திருக்கும் குடும்பமோ மீனை அயல் வீட்டு மீனவனிடம் வாங்குகிறது. கிழங்கு தன் தோட்டத்திலிருந்து வருகிறது. பாய் பின்னுபவள், படகோட்டி, கூரை வேய்பவன் எல்லோரும் ஊரவர்களே. முதலீடு சிறியது, அதுவும் பெரும்பாலும் சொந்த உழைப்பு. ஆகவே வட்டிக் கடனில் மூழ்கும் ஆபத்துக் குறைவு. ஒரு குடிலோடு தொடங்கி, வருமானம் வர வர இரண்டாவது, மூன்றாவது என்று கூட்டலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை காணி

இவ்வளவும் அவர்களால் முடிந்தது எப்படி? சமோவாவின் நிலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபுவழிக் காணி. அது தனி ஆளுக்குரியதன்று, பரந்த குடும்பத்துக்குரியது. குடும்பம் தெரிவு செய்த தலைவர் அதனைப் பராமரிக்கிறார். அத்தகைய காணியை விற்பதை நாட்டின் அரசியலமைப்பே தடை செய்கிறது. எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் அந்தக் கடற்கரையை விலைக்கு வாங்க இயலாது.

ஆனால் குத்தகைக்குக் கொடுக்கலாம். 1965ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, காணிக்குரிய மக்களின் சார்பில் அமைச்சர் ஒருவர் நம்பிக்கைப் பொறுப்பாளராக நின்று குத்தகை வழங்குகிறார். ஹோட்டல் தேவைக்கென்றால் 30 ஆண்டுகள். மேலும் ஒரு தடவை 30 ஆண்டுகளுக்கு நீடிக்கலாம். மொத்தம் 60 ஆண்டுகள். கையெழுத்திட்டவரின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அந்தக் காணி குடும்பத்துக்குத் திரும்பும். பெயரளவில் விற்பனை இல்லாவிட்டாலும், இரண்டு தலைமுறைக்கு அது கைவிட்டுப்போன காணியே.

இந்த முறையில் குறைகளும் இல்லாமல் இல்லை. விற்க முடியாத காணியை வங்கிகள் ஈடாக ஏற்பதில்லை, ஆகவே கடன் பெறுவது கடினம். எல்லைத் தகராறுகளும் தலைமைப் பதவித் தகராறுகளும் தோன்றுவதுண்டு. அவற்றைத் தீர்ப்பதற்கென்றே தனி நீதிமன்றம் ஒன்று இயங்குகிறது. விடியமுன் எழுந்து சமைப்பதும் துவைப்பதும் பெண்களும் இளையோரும், பணப்பெட்டித் திறப்பு ஒருவர் கையில் என்றால் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வரும். இது சமோவாவுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று.

அலை வந்த நாள்

2009 செப்டெம்பர் 29ஆம் திகதி விடிந்த சிறிது நேரத்தில் கடலடியில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. சில நிமிடங்களில் சுனாமி அலைகள் உப்போலுவின் தெற்கு, தென்கிழக்குக் கரைகளைத் தாக்கின. சமோவாவில் மாத்திரம் 140க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். லலோமனு, சலேயபாகா போன்ற கிராமங்களின் குடில்கள் அடியோடு அள்ளுண்டு போயின.

2004 டிசம்பர் 26ஐக் கண்ட எங்களுக்கு அந்தத் துயரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பின் நடந்ததையே நாம் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு கிராமத்தின் காணி பெரும்பாலும் மலையிலிருந்து கடல்வரை நீள்கிறது. கரையில் வீடிழந்த பல குடும்பங்கள் மேட்டிலிருந்த தங்கள் தோட்டக் காணிகளுக்கு ஏறிச் சென்று அங்கே குடியமர்ந்தன. சலேயபாகா மக்கள் பலர் இவ்வாறே செய்தனர். ஆயினும் கடற்கரை அவர்களுடையதாகவே இருந்தது. காலம் செல்ல, சிலர் கீழே இறங்கி வந்து மீண்டும் குடில்களை அமைத்தனர். இடம்பெயர்ந்தார்கள், ஆனால் காணியற்றவர்கள் ஆகவில்லை.

எங்கள் நாட்டில் 2005இல் கரையோரத்தில் கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்பது விதி. குடியிருந்தவர்கள் வீடு கட்டக் கூடாது என்று கூறிவிட்டு, உல்லாச ஹோட்டல்களுக்கு விலக்களித்தமை அப்போது பலத்த கண்டனத்துக்கு உள்ளாகியது. பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. கடற்கரை ஆபத்தானது என்றால் அது எல்லோருக்கும் ஆபத்தானதாகவே இருக்க வேண்டும் அல்லவா?

2020 மார்ச்சில் கொரோனா நோய் காரணமாகச் சமோவா தன் எல்லைகளை மூடியது. 2022 ஓகஸ்ட் வரை வெளிநாட்டு விருந்தினர் இல்லை. விருந்தினரை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது எத்தகைய அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தைக் கைவிடாத குடும்பத்துக்குக் கிழங்கும் மீனுமாவது மிஞ்சும். குடில் உபதொழிலாக இருக்கும்வரை நன்மை. பயிரை விட்டுவிட்டு அதையே முழுதாக நம்பினால் ஒரு நோயோ ஒரு போரோ போதும், அடுப்பு அணைந்துவிடும்.

நாம் மனதிற்கொள்ள வேண்டியவை

எல்லோரும் உடனே குடில் போட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் காணிச் சட்டம் வேறு, நிலைமை வேறு. ஆனால் 2009க்குப் பின்னர் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்ததைக் கண்டோம். கடலோரக் காணி தேடி ஆட்கள் உங்களிடமும் வரக்கூடும். வந்தால் பின்வருவனவற்றைச் சிந்தியுங்கள்.

1. காணியின் பத்திரம் எது? உறுதியா, அரச அனுமதிப்பத்திரமா? அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் பிரதி பெறும் முயற்சியை இன்றே தொடங்குங்கள்.

2. குத்தகை என்றால் எத்தனை ஆண்டுகள்? முடிவில் கட்டடம் யாருக்கு? வாடகை இடையில் உயருமா? விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம்.

3. கடலுக்குப் போகும் பாதையும் வள்ளம் இழுக்கும் இடமும் ஊருக்குத் திறந்திருக்குமா?

4. நன்னீர் போதுமா? சிறு தீவுகளிலும் மணற்பாங்கான கரைகளிலும் மழைநீர் நிலத்தின் கீழ் உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும், அயற் கிணறுகளும் கெடும். மலசலகூடக் குழி கிணற்றுக்கு அண்மையில் இருக்கலாகாது.

5. அலை வந்தால் எங்கே ஓடுவது? மேட்டுக்குப் போகும் வழியை விருந்தினருக்கும் முதல் நாளிலேயே காட்ட வேண்டும்.

6. வருமானத்தில் வேலை செய்யும் பெண்களின் பங்கு எவ்வளவு? அதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ஓலைக் குடிலை அலை கொண்டுபோனால் மீண்டும் ஓலை வேயலாம். சமோவா மக்கள் அதைச் செய்து காட்டினார்கள். கையெழுத்தில் போன காணியை மீட்பது அவ்வளவு இலகுவன்று. இன்று நலன்புரி நிலையத்திலோ, உறவினர் வளவிலோ, வாடகை வீட்டிலோ இருந்தாலும், உங்கள் காணி உங்களுடையதே. அது எவ்வளவு பெறுமதியானது என்பதை வாங்க வருபவர் சொல்லி அறிய வேண்டிய நிலை உங்களுக்கு வரக்கூடாது.

கலந்துரையாடலுக்கு

உங்கள் ஊரின் கரையோரத்தில் அல்லது குளத்தோரத்தில் யாருடைய காணிகள் உள்ளன? அவற்றின் பத்திரங்கள் யாரிடம் உள்ளன?

வெளியார் ஒருவர் உங்கள் ஊரில் வந்து தங்கினால் அவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் எவை? அவற்றை யார் தீர்மானிக்க வேண்டும்?