'பாஸ் அவுட்' ஆனீங்களா?

டெக்சாஸ் வந்த புதிதில், ரவுண்ட் ராக்கில் ஒரு டீம் மீட்டிங். "2010-ல் காலேஜிலிருந்து பாஸ் அவுட் ஆனேன்" என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொண்டேன். பக்கத்து சீட்காரர், "இப்போ உடம்பு பரவாயில்லையா?" என்றார். நம்மூரில் அது படிப்பை முடிப்பது. இங்கே மயங்கி விழுவது! படிப்பு முடித்ததைச் சொல்ல 'கிராஜுவேட்' போதும்.

இதைச் சிரித்துவிட்டு மறக்கலாம். இன்னொன்றை முடியவில்லை. ரிலீஸை 'கால் ஆஃப்' செய்தாச்சு என்றார் மேனேஜர். நான் 'புட் ஆஃப்' மாதிரி தள்ளிவைத்ததாக நினைத்து, சனி, ஞாயிறு முழுக்க வேலை பார்த்தேன். அது ரத்தாகியிருந்தது.

ரென் அண்ட் மார்ட்டினை உருப்போட்டவன்தான் நானும். ஆனால் ஃப்ரேசல் வெர்பைப் பட்டியலாகப் படித்தால் மனசில் நிற்காதுங்க. தமிழில் 'கண்டு', 'பிடி' சேர்ந்து 'கண்டுபிடி' ஆகிறது. கையால் எதையும் பிடிப்பதில்லை. 'ஃபைண்ட் அவுட்'டும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்து ஒரே வினையாக, வாக்கியத்தோடு பழக வேண்டும்.

நமக்குப் புதுசு ஒன்று உண்டு. 'கால் ஆஃப் த மீட்டிங்', 'கால் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. மீட்டிங்குக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'கால் இட் ஆஃப்'. 'கால் ஆஃப் இட்' தப்பு. எல்லாமே இப்படிப் பிரியாது. 'லுக் ஆஃப்டர் இட்' என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் ஊரிலிருந்து சித்தி பையன் ரெஸ்யூமே அனுப்பியிருந்தான். முதல் வரியிலேயே 'பாஸ்டு அவுட்'. உடனே போன் போட்டேன்.