கூட்ட நேரத்தில் பில் நிற்பது ஏன்? கடை வை-ஃபையும் சானல் மாற்றமும்

மாலை ஏழு மணி. கடை வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பருப்பும் எண்ணெயும் எடுத்து வைத்தாகிவிட்டது. பில் மட்டும் வரவில்லை. கார்டு மிஷின் 'இணைப்பு இல்லை' என்கிறது. ஒரு நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகிறது. அதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் சரக்கை வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலை இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக ஓடும். "லைனில் கோளாறே இல்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பல சமயம் அவர் சொல்வது உண்மைதான். கோளாறு லைனில் இல்லை. ரூட்டருக்கும் நம் மிஷினுக்கும் இடையே உள்ள காற்றில் இருக்கிறது.

வை-ஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் கடைத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 13 கதவு எண்கள். இவற்றைத்தான் சானல் என்கிறார்கள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் தூரம்தான். ஆனால் ஒரு ரூட்டருக்கு வேண்டிய அகலம் 20. ஆகவே ஒன்றையொன்று இடிக்காமல் நிற்க முடிந்தவை 1, 6, 11 ஆகிய மூன்றே.

நம் ரூட்டர்களில் பெரும்பாலானவை 'ஆட்டோ' என்ற அமைப்பில் வருகின்றன. போட்டவுடன் காலியாகத் தெரியும் சானலைத் தானே பிடித்துக்கொள்ளும். சில ரூட்டர்கள் வியாபாரம் நடக்கும்போதே இடம் மாறும். மாறுமுன், 'இந்தச் சானலுக்குப் போகிறேன்' என்று முன்கூட்டியே அறிவிக்கும் முறை உண்டு. அதைப் புரிந்துகொள்ளும் போன் கூடவே போய்விடும், நமக்குத் தெரியாது. பழைய பிரின்டரும் மலிவான பில் மிஷினும் பல சமயம் இந்த அறிவிப்பைக் கவனிப்பதில்லை. பழைய இடத்திலேயே நின்று, ஒவ்வொரு சானலாகத் தேடி, மறுபடி சேர வேண்டும். நாம் கைபிசைந்து நிற்பது அந்த நேரத்தில்தான். நெருக்கமான தெருவில் ஒரு ரூட்டர் நகர்ந்தால் அது போய் நிற்கும் இடத்தில் இன்னொன்றுக்கு இடைஞ்சல், அதுவும் நகரும்.

ஆகவே சானலைக் கையாலேயே நிலையாக வைத்துவிடுவது நல்லது. அருகிலுள்ள வை-ஃபைகளின் சானலைக் காட்டும் இலவச ஆப்கள் ஆண்ட்ராய்டு போனில் கிடைக்கின்றன. காலை பதினொரு மணிக்கு அல்ல, கூட்ட நேரத்தில் பாருங்கள். 1, 6, 11 இந்த மூன்றில் எதில் அக்கம்பக்கத்துச் சிக்னல் வலுக் குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கிறதே என்று 3 அல்லது 4-ஐ எடுக்க வேண்டாம். ஒரே சானலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்டு முறை வைத்துப் பேசும். பாதி இடித்துக்கொண்டு நின்றால் முறையும் கிடையாது, இரைச்சல்தான். அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20 ஆக்குங்கள். பக்கத்தில் பேக்கரி இருந்து மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால், அது 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகில் வேலை செய்வதால் 6, 11 இரண்டையும் தொந்தரவு செய்யும். 1 பெரும்பாலும் தப்பும். இந்த மாற்றத்தையெல்லாம் கடை சாத்திய பிறகு செய்து, ஒவ்வொரு மிஷினும் சேர்ந்ததா என்று அன்றிரவே பார்த்துவிடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் வைத்திருப்போருக்குத் தனி எச்சரிக்கை. அதில் இடம் தாராளம். ஆனால் 52 முதல் 144 வரையுள்ள சானல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் சிக்னல் கேட்டால் ரூட்டர் 10 விநாடிக்குள் விலக வேண்டும். அரை மணி நேரம் திரும்பக் கூடாது. புதிதாகப் போகும் இடமும் அதே வகையென்றால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பின்தான் பேசலாம். வெறும் இரைச்சலை ரேடார் என்று ரூட்டர் தவறாக எண்ணுவதும் உண்டு. கடைக்கு 36 முதல் 48 வரை உள்ளதில் ஒன்றே போதும்.

இவ்வளவுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பணம் வந்ததைச் சொல்லும் சவுண்டு பாக்ஸ், கார்டு மிஷின் பலவற்றில் சிம் கார்டு இருக்கும். அவை வை-ஃபையை நம்பி இல்லை. சானலை மாற்றி அவற்றுக்குப் பயன் இல்லை. பில் கம்ப்யூட்டர் ரூட்டருக்குப் பத்தடியில் இருந்தால் கேபிள் இழுத்துவிடுவதே என் யோசனை. ஒயரில் ஓடுவதற்கு எந்தச் சானலும் வேண்டாம்.

இணைப்பு அறுந்த சமயத்தில் வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து நமக்கு உறுதி வராவிட்டால், அவசரப்பட்டு இரண்டாம் முறை தேய்க்க வேண்டாம். முதலில் மிஷின் கணக்கைப் பாருங்கள். வந்து சேராத பணம் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் என்பது ரிசர்வ் வங்கி 2019-ல் வகுத்த விதி. அதைச் சொன்னால் வாடிக்கையாளர் சண்டையில்லாமல் போவார்.

வரிசையாகக் கடைகள் உள்ள தெருவில் தனியாளாகச் செய்வது பாதிப் பலன்தான். முதல் கடை 1, அடுத்தது 6, அதற்கடுத்தது 11, நான்காவது மறுபடி 1 என்று பேசி வைத்துக்கொள்ளலாம். மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளைச் சங்கம் ஒரு மாலை செலவிட்டால் முடிகிற காரியம்.

வைத்த சானல் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ரூட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கம்பெனி ஆள் வந்து ரீசெட் செய்தால் அது மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடக்கூடும்.