தீவு மக்களும் கருத்துக்கேட்புக் கூட்டமும்

2022ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள், கிரேட் நிக்கோபார் தீவின் கேம்ப்பெல் பேயில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அது விழாவும் அன்று. தேர்தல் கூட்டமும் அன்று. அரசு தீட்டிய ஒரு திட்டத்தைப் பற்றித் தீவு மக்கள் தம் கருத்தைச் சொல்லக் கூடிய கூட்டம் அது.

கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், அதனருகே பன்னாட்டு விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் ஆகியவற்றை அமைப்பதே அத்திட்டம். இதற்கு வேண்டிய நிலம் 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. முதுகில் ஏழு வரிகள் ஓடும் ஏழுவரி ஆமை முட்டையிட வரும் கடற்கரையும் அங்கேதான் உள்ளது. மணலையும் இலைகளையும் மேடாகக் குவித்து, அதன் வெப்பத்தில் முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் மெகபோடு பறவையும் அங்கு வாழ்கிறது.

இத்தகைய பெருந்திட்டங்களால் நிலம், நீர், உயிரினங்கள், மக்கள் வாழ்வு ஆகியவற்றுக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து எழுதுவதே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. 2006ஆம் ஆண்டின் அரசு அறிவிக்கையின்படி, முதலில் வரைவு அறிக்கை வெளியிடப்பட வேண்டும். அதன் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும். மக்கள் படித்துப் பார்க்கக் குறைந்தது 30 நாள் தரப்பட வேண்டும். கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்படும். முடிவில், எழுதப்பட்ட நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியிலேயே படித்து விளக்கவும் வேண்டும். எழுந்த வினாக்களுக்கு இறுதி அறிக்கையில் விடை இருக்க வேண்டும். அதன் பின்னரே வல்லுநர் குழு அதனைப் பரிசீலிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்திட்டத்தை முன்வைத்தது தீவு நிருவாகத்தின் வளர்ச்சிக் கழகம். கூட்டத்தை நடத்துவதும் நிருவாகத்தைச் சார்ந்த அமைப்பே. அனுமதி வழங்குவது ஒன்றிய அமைச்சகம். கேட்பவரும் கொடுப்பவரும் அரசாகவே இருக்கும்போது, வெளியிலிருந்து வினவும் குரல் பொதுமக்களுடையதே.

ஆனால் எல்லோராலும் வினவ இயலுமா? 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அரசால் இங்குக் குடியமர்த்தப்பட்டன. அவர்களால் அறிக்கையைப் படிக்கவோ படிக்கச் சொல்லிக் கேட்கவோ கூடும். காட்டினுள் வாழும் ஷோம்பென் மக்களின் நிலை வேறு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 229 பேர். அவர்தம் மொழியை அறிந்த வெளியார் மிகச் சிலரே. பல நூறு பக்க அறிக்கை அவர்களை எவ்வாறு சென்றடையும்? இவ்வினாவுக்கு விதிகளில் தெளிவான விடை இல்லை என்றே தோன்றுகிறது.

நிக்கோபாரி மக்களின் அனுபவமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அவர்கள் தம் கடலோரச் சிற்றூர்களை இழந்து வேறிடங்களில் குடியேற்றப்பட்டனர். என்றேனும் அங்குத் திரும்புவோம் என்று காத்திருந்தனர். 2022 ஆகத்தில் அவர்களுடைய பழங்குடி மன்றம் திட்டத்துக்கு இசைவு தந்தது. நவம்பர் 11ஆம் நாள் சுற்றுச்சூழல் அனுமதியும் வழங்கப்பட்டது. அதே திங்களில் மன்றம் தன் இசைவைத் திரும்பப் பெற்றது. தம் மூதாதையர் ஊர்களும் திட்டப் பரப்பினுள் அடங்கும் என்பது முன்னரே தமக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதே அவர்களின் முறையீடு.

வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. 2023 ஏப்பிரலில் தீர்ப்பாயம் அனுமதியை நீக்கவில்லை. எனினும் சில ஐயங்களை ஆராய உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது.