ஊர் கூடினால் 'புல்லட்'டும் ஓடும்!

ஊர் கூடினால்தான் தேர் நகரும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகா ரதம் மாட வீதியில் வருகிறது. வடம் பிடிக்கப் பெருங்கூட்டம் வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடப் பழகிய ஆள் வேண்டும். அதற்கு முன்னால் தேரைச் செப்பனிடத் தச்சர் வேண்டும், கொல்லர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் தேர் நிலையிலேயே நிற்கும்.

பழைய மோட்டார் சைக்கிளின் கதையும் இதுதான். "ஒற்றை ஆள் ஓட்டுகிற வண்டிக்கு ஊர் எதற்கு?" என்று கேட்கலாம். ஓட்டுவதற்கு ஒருவர் போதும். ஆனால் பல வருஷம் ஓடாமல் கிடந்த ஒரு 'புல்லட்'டுக்கு உயிர் கொடுக்க ஒருவரால் ஆகாது.

எடைக்குப் போடுவதா?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தகப்பனார் ஓட்டிய 'புல்லட்' கொல்லையில் நிற்கிறது. அவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. டயர் வெடித்துக் கிடக்கிறது. பெட்ரோல் டாங்கியில் துரு. இருக்கைக்குள் எலி குடும்பம் நடத்துகிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் வந்து, "எடை போட்டு எடுத்துக்கொள்ளட்டுமா?" என்கிறார்.

அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்த வண்டியில்தான் குடும்பமே கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரையும் சுற்றி வந்தது. மகனுக்கோ, கையைக் கடிக்குமோ என்ற பயம். இப்படித் தவிக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் பல உண்டு.

அவசரப்பட்டு எடைக்குப் போட வேண்டாம். அது எப்படிப்பட்ட வண்டி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒற்றியூரில் பிறந்த வண்டி

'ராயல் என்பீல்டு' இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்த பெயர். 1901-ல் அங்கே முதல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1932-ல் வந்தது.

1949-ல் சென்னை 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' கம்பெனி இந்த வண்டிகளை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய ராணுவம் 1950-களில் 'புல்லட்'டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் 'என்பீல்டு இந்தியா' உருவாயிற்று. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு சில வருஷங்களில் பாகங்களையும் இங்கேயே வார்த்துக் கடைந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1970-ல் இங்கிலாந்துத் தொழில் அடியோடு நின்றுபோயிற்று. தாய்வீடு மூடிவிட்டது; சென்னை வீடு மூடவில்லை! 1977-ல் திருவொற்றியூர் 'புல்லட்' கப்பலேறி, பிறந்த இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயிற்று.

அந்த வார்ப்பிரும்பு இயந்திரம் பெரிய மாறுதல் இல்லாமல் 2010-ஐ ஒட்டிய காலம் வரை இந்தியாவில் தயாராயிற்று. அதன் ஒற்றைச் சிலிண்டரின் அகலம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மில்லிமீட்டர். மொத்தம் 346 சி.சி. தாத்தா வண்டியின் வேலை தெரிந்த மெக்கானிக்குக் பேரன் வண்டியின் வேலையும் தெரிந்திருக்க இதுவே காரணம். ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் வெளிநாட்டார் 'புல்லட்'டில் 'டுப்டுப்' என்று போகிறார்களே, அந்தச் சத்தத்தின் வேர் திருவொற்றியூரில் இருக்கிறது.

முதல் நாள் செய்யக் கூடாதவை

வண்டியை வெளியே தள்ளியதும் பலர் செய்யும் காரியம், கிக்கரை ஓங்கி உதைப்பது. அதைச் செய்யாதீர்கள். பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் உதைக்கிற உதையில் வேறு ஏதாவது உடையும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் எண்ணெய் விட்டு, நாள் கணக்கில் ஊற விட வேண்டும். பிறகு கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பிரிக்கும் ஆசை. பிரிப்பது ஒரு நாள் வேலை. பூட்டுவது ஒரு வருஷ வேலை! ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுங்கள். திருகாணிகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். எந்த 'வாஷர்' எங்கே இருந்தது என்று குறித்து வையுங்கள்.

ஸ்பேனர் விஷயத்திலும் கவனம் வேண்டும். இந்தப் பழைய வண்டிகளின் மரைகள் ஆங்கிலேய அளவில் வெட்டப்பட்டவை. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிப் போகும். பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி. பழைய மெக்கானிக்கின் பெட்டியில் மூலையில் கிடக்கும் அந்த ஸ்பேனர் 'செட்' பொன்னுக்குச் சமம்.

பெட்ரோல் டாங்கியில் ஓட்டை இருந்தால் உடனே பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். பெட்ரோல் காலியானாலும் அதன் ஆவி உள்ளே நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். ஆவியை முழுதும் போக்கத் தெரிந்தவரிடமே அந்த வேலையை ஒப்படைக்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

எத்தனை கைகள்!

மெக்கானிக் இயந்திரத்தைப் பிரிக்கிறார். சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. அது லேத் பட்டறைக்குப் போகிறது. அங்கே உட்புறத்தைச் சிறிது கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். மயிரிழை பிசகினாலும் பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

நெளிந்த மட்கார்டு டிங்கரிடம் போகிறது. துருவேறிய பளபளப்புச் சாமான்கள் முலாம் பூசுகிறவரிடம் போகின்றன. சக்கரக் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுக்க ஒருவர். இருக்கை தைக்க ஒருவர். ஒயரிங் பார்க்க ஒருவர். டாங்கியின் மேல் கோடு இழுக்க ஒருவர்.

கிடைக்காத சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். பழைய உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன இடம் அது. ஆனால் அளவு பொருந்தாத போலிச் சாமான்களும் சந்தையில் உண்டு. தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் பணம் மிஞ்சும். ரசீது கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. திருட்டு வண்டிச் சாமான் கைக்கு வந்தால் வம்பு வாசல் தேடி வரும்.

இங்கேதான் 'புல்லட்' பிரியர்கள் கை கொடுக்கிறார்கள். ஒருவரிடம் பழைய பாகங்களின் படப் புத்தகம் இருக்கும். இன்னொருவரிடம் உபரியாக ஒரு கார்பரேட்டர் இருக்கும். மூன்றாமவர் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதைப் பார்த்துப் பூட்டுங்கள்" என்பார். சென்னையில் 'மெட்ராஸ் புல்ஸ்' போன்ற சங்கங்களும், பழங்கால வண்டிகளுக்கென்றே 'மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்'பும் இருக்கின்றன. இவர்களில் பலர் காசு வாங்குவதில்லை. செத்த இயந்திரம் மறுபடி மூச்சு விடுவதைப் பார்ப்பதே அவர்களுக்குக் கூலி.

புதுசாக்குவதா, பழசாகவே வைப்பதா?

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் வாக்குவாதம் இது:

"அண்ணே, எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுப் புதுசா மாட்டிடுங்க. கண்ணாடி மாதிரி மின்னணும்."

"மின்ன வைக்கலாம் தம்பி. ஆனா அப்புறம் அது உங்க அப்பா வண்டியா இருக்காதே!"

அனுபவசாலியின் இந்தப் பேச்சில் பொருள் இருக்கிறது. டயர், பிரேக், ஒயர் இவற்றில் பழமை பாராட்டக் கூடாது; உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் சரிசெய்து ஓடக்கூடிய பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளை 2021-ல் திருத்தினார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளையும் கார்களையும் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள அதில் வழி இருக்கிறது. ஆனால் சட்டகத்திலோ இயந்திரத்திலோ பெரிய மாறுதல் செய்யாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்து வருஷம் செல்லும். இப்படிப் பதிவான வண்டியைத் தினமும் கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம்.

தினமும் ஓட்ட விரும்புகிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வர வேண்டும். ஆகவே, செலவில் இறங்கும் முன்பே ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள இயந்திர எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றுதானா என்று பாருங்கள். காகிதம் இல்லாத வண்டிக்குக் கொட்டும் காசு கொல்லைக்குள்ளேயே முடங்கும்.

காகிதமும் இல்லை, வண்டியும் இல்லை!

அசலைக் காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும்? ராயல் என்பீல்டு கம்பெனிக்கே அந்த அனுபவம் உண்டு.

1901-ல் செய்த முதல் வண்டியில் ஒன்றுகூட உலகத்தில் மிஞ்சவில்லை. வரைபடமும் இல்லை. 120 வருஷம் கழித்து, அதை மறுபடி செய்து பார்க்க ஆசைப்பட்டார்கள். கையில் இருந்தவை சில புகைப்படங்களும் அந்தக் காலத்து விளம்பரங்களுமே. இங்கிலாந்தின் பழைய வண்டிப் பிரியர்களும், அங்கேயும் சென்னையிலும் உள்ள பொறியாளர்களும் ஒன்று கூடினார்கள். படத்தைப் பார்த்தே அளவு கணித்தார்கள்.

விசித்திரமான வண்டி அது! சைக்கிளின் முன்புறம், முன் சக்கரத்துக்கு மேலே இயந்திரம். பலம் ஒன்றேமுக்கால் குதிரைத்திறன். அங்கிருந்து குறுக்காக ஓடும் நீண்ட தோல் பட்டை பின் சக்கரத்தைச் சுழற்றும். பித்தளைத் தகட்டைக் கையால் மடித்து டாங்கி செய்தார்கள். பழைய விளக்கையும் ஹாரனையும் தேடிப் பிடித்துச் செப்பனிட்டார்கள். 2021-ல் அந்த வண்டி உருவாயிற்று. ஒரே ஒரு பழைய வண்டியை யாராவது கொல்லையில் போட்டு வைத்திருந்தால் எவ்வளவு பாடு மிச்சமாகியிருக்கும்!

மைசூரில் இதற்கு நேர்மாறான கதை. அங்கே 1961 முதல் தயாரான 'ஜாவா' வண்டியும், பின்னால் வந்த 'எஸ்டி' வண்டியும் வெகு பிரசித்தம். தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. ஆனால் வண்டிகள் சாகவில்லை. பிரியர்கள் சாமான்களைச் சேர்த்து வைத்தார்கள்; ஒருவருக்கொருவர் கொடுத்து உதவினார்கள். ஆண்டுதோறும் ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை 'ஜாவா தினம்' கொண்டாடி ஊர்வலம் போகிறார்கள். தொழிற்சாலை கைவிட்டதை ஜனங்கள் கைவிடவில்லை.

உதைப்பதற்கும் ஒரு முறை

எல்லாம் பூட்டி முடிந்தது. பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றியாயிற்று. இனிக் கிக்கரை உதைக்கலாம். பலம் முக்கியமல்ல, பக்குவம் முக்கியம்.

சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். அம்மீட்டர் முள் அசையும். முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் காலை நிறுத்த வேண்டும். இடக்கைப் பக்கமுள்ள 'டீகம்பிரஸர்' நெம்பை இழுத்து, கிக்கரை இன்னும் சற்றே நகர்த்தி, நெம்பை விட்டுவிட வேண்டும். கிக்கரை மேலே வர விட்டு, ஒரே உதை! முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும்.

வண்டி கிளம்பியதும் சாலைக்கு ஓடிவிடக் கூடாது. மேலே வால்வுகளுக்கு எண்ணெய் ஏறுகிறதா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: பழைய 'புல்லட்'டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலக்காலை அழுத்தினால் வண்டி நிற்காது, கியர்தான் மாறும். கூட்டமில்லாத மைதானத்தில் சில நாள் பழகிவிட்டே வீதிக்கு வர வேண்டும்.

கை மாற வேண்டிய செல்வம்

பணம் இருந்தால் சாமான் வாங்கலாம். ஆனால் சத்தத்தைக் கேட்டே, "டாப்பெட் தளர்ந்திருக்கு" என்று சொல்லும் காது விலைக்குக் கிடைக்காது. வார்ப்பிரும்பு 'புல்லட்'டில் கை தேர்ந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. பட்டறைக்கு வரும் இளைஞர்கள் புதிய வண்டிகளையே பழகுகிறார்கள். அந்தக் காது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராவிட்டால், எத்தனை வண்டி மிஞ்சினாலும் பயனில்லை.

ஆகவே, வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதைப் பெரிய மெக்கானிக்கிடம் இப்போதே கொண்டு போங்கள். கூடவே வீட்டுப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அவன் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கட்டும். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். வண்டி கிளம்ப ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். அதற்குள் அவன் காதும் பழகிவிடும்!